எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. சிறிய ரப்பர் தோட்டங்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில், ‘தோட்டங்கள் விற்கப்படும் என்ற அறிவிப்பு வருவதற்கு வெகு முன்பே தி ரைட்டிங் வாஸ் ஆன் தி வால்’ என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை அவர் படித்திருக்கிறார். அதைத் தம் பாட்டியிடம் ‘சுவரில் எழுதியிருந்தது’ என்று தமிழாக்கிச் சொன்னபோது, பாட்டி ‘எந்தச் சுவரில்?’ என்று கேட்டாராம். அந்தச் சொற்றொடரின் சரியான பொருள் என்ன, ‘டேய்ஸ் ஆர் நம்பர்ட்’ என்பதும் அதுவும் ஒன்றுதானா, தமிழில் எப்படிச் சொல்ல வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள். இதே ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையிலும், பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையிலும் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

பாட்டியின் கேள்வி மிகச் சரியான கேள்வி. அந்தச் சுவர் பாபிலோன் அரண்மனையின் சுவர். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் தானியேல் ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரம் அந்தக் கதையைச் சொல்கிறது. பெல்ஷாத்சார் என்ற அரசன் தன் பிரபுக்கள் ஆயிரம் பேருக்குப் பெரிய விருந்து வைக்கிறான். எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையடித்து வந்த பொன் பாத்திரங்களைக் கொண்டுவரச் செய்து அவற்றில் மது குடிக்கிறார்கள். அந்த வேளையில் மனிதக் கையின் விரல்கள் தோன்றி, விளக்குக்கு எதிரே இருந்த சாந்து பூசிய சுவரில் எழுதுகின்றன. அரசனின் முகம் வெளுக்கிறது, முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நாட்டின் சோதிடர்களையும் அறிஞர்களையும் அழைத்துக் கேட்டும் எவராலும் அந்த எழுத்தை வாசிக்க முடியவில்லை. அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவரான தானியேல் வந்து வாசிக்கிறார். ‘மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்’ என்பதே அந்த எழுத்து. உன் ஆட்சியின் நாட்கள் எண்ணப்பட்டு முடிந்தன, நீ தராசில் நிறுக்கப்பட்டுக் குறைவாகக் காணப்பட்டாய், உன் அரசு பிரிக்கப்பட்டு மேதியருக்கும் பாரசீகருக்கும் கொடுக்கப்பட்டது என்று அவர் பொருள் சொல்கிறார். அன்றிரவே அரசன் கொல்லப்படுகிறான். வரலாற்றின்படி பாபிலோன் பாரசீக மன்னன் சைரசிடம் வீழ்ந்தது கி.மு. 539-இல்.

இந்த ஒரு காட்சியிலிருந்து ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபுத்தொடர்கள் வழங்குகின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ‘சுவரில் எழுத்து’ என்பது ஒன்று. நீங்கள் கேட்ட ‘நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன’ என்பதன் சாயலும் மெனே என்ற சொல்லுக்குத் தானியேல் சொன்ன விளக்கத்தில் இருக்கிறது. தமிழ் விவிலியமும் அந்த இடத்தில் ‘நாளெண்ணி’ என்ற அழகான சொல்லையே ஆள்கிறது. தராசில் நிறுத்துக் குறைவாகக் காண்பது மூன்றாவது. அந்த அரமேய மொழிச் சொற்கள் மூன்றும் எடைகளின் பெயர்களும்கூட: மினா, செக்கேல், அரை மினா. கடையில் எடைக்கற்களின் பெயரை வரிசையாகச் சொல்வது போன்றதுதான் அந்த எழுத்து என்றால், சொற்கள் தெரிந்தும் அவை தனக்கு என்ன சொல்கின்றன என்று புரியாமல் ஒருவன் நின்றிருக்க முடியும். ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1630-களில் இக்காட்சியை வரைந்தபோது, எபிரேய எழுத்துகளை வழக்கம்போல் வலமிருந்து இடமாக எழுதாமல் மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டினார். அறிஞர்களுக்கு அது ஏன் படிக்க வரவில்லை என்பதற்கு அக்கால யூத அறிஞர்களிடையே இருந்த விளக்கம் அது. அந்த ஓவியம் இன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

உவமையாக இச்சொற்றொடர் எழுத்தில் ஏறியதற்கு முந்திய சான்றுகளில் ஒன்று, அயர்லாந்து எழுத்தாளர் ஜோனத்தன் ஸ்விஃப்ட் 1720-இல் வங்கியாளர்களைப் பற்றி எழுதிய கவிதை. தன் கையெழுத்திட்டுக் கொடுத்த கடன் பத்திரங்களிலேயே தன் வீழ்ச்சியைக் காணும் வங்கியாளனுக்கு, அந்தக் கையெழுத்து சுவரில் தோன்றிய எழுத்தைப் போலிருக்கிறது என்கிறார் அவர். அங்கே விரல்கள் வானத்திலிருந்து வரவில்லை. எழுதிய கை அவனுடையதே. இன்று நாம் இத்தொடரை ஒரு நிறுவனத்துக்கோ அரசாங்கத்துக்கோ பயன்படுத்தும்போது பெரும்பாலும் அந்தப் பொருளும் கூடவே வருகிறது.

இனிப் பொருளுக்கு வருகிறேன். ஒரு முடிவு, பெரும்பாலும் கெட்ட முடிவு, நெருங்குகிறது என்பதற்கான அடையாளங்கள் கண்ணெதிரே தெரிகின்றன, ஆனால் அதை இன்னும் எவரும் வாய்விட்டு அறிவிக்கவில்லை என்ற நிலையைத்தான் இத்தொடர் குறிக்கிறது. அடையாளம் கண்ணுக்குத் தெரிவது, அறிவிப்பு வராதது ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் தொடர் பொருந்தும். மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இரண்டாவதில். தோட்ட அலுவலகத்தின் சுவரில், ‘இத்தனையாம் தேதியோடு வேலை நிறுத்தப்படும்’ என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டால், அது சுவரில் இருக்கும் எழுத்துதான் என்றாலும், ஆங்கிலம் சொல்லும் அந்த ‘ரைட்டிங்’ அது ஆகாது. நோட்டீசைப் படிக்க ஒருவருக்கு எழுத்தறிவு போதும். மற்றதைப் படிக்க அனுபவம் வேண்டும்.

இதை என் தந்தையிடமிருந்து கற்றேன் என்று சொல்வது மிகையன்று. அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. அவர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தமக்குக் கொடுத்த மர வரிசையான நிரையில் ஐந்நூறு மரங்களுக்கு மேல் வெட்டிவிட்டு, பத்து மணிக்குப் பாலெடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுப்பவர். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழப் போய் உள்மரத்தைத் தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அந்தப் பக்கம் வெட்டவே உதவாது. அதனால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி மரம் மரமாகக் குனிந்து பார்ப்பார். காயம் கண்டால் திட்டு விழும், கூலியிலும் பிடிப்பார்கள். எனக்குப் பதினொரு வயதான ஆண்டில் ஒருநாள் மாலை, பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அப்பா சொன்னார்: “காயம் பட்டாலும் இப்போ ஒண்ணும் சொல்றதில்ல. ஏணி போட்டு மேல வெட்டச் சொல்றாங்க. இந்த மரத்த இனிமே வெச்சிருக்க மாட்டாங்க.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மரத்தை இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் வைத்துப் பால் எடுக்க எண்ணுகிறவர்கள் பட்டையைக் காப்பார்கள். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ மரத்தைச் சாய்க்கப் போகிறவர்களுக்குப் பட்டை எதற்கு? இருக்கிற பாலை முழுவதும் கறந்துவிட வேண்டும், அவ்வளவே. அதற்குப் பின் ஒவ்வொன்றாக வந்தன. உரம் போடுவது நின்றது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒழுகிய கூரைக்குத் தகரம் கேட்டால், பார்க்கலாம் என்ற பதிலே வந்தது. ஸ்டோருக்குப் பின்புறம், கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில், எண்ணெய் தரும் செம்பனைக் கன்றுகள் வரிசை வரிசையாக வந்து இறங்கின. செம்பனைக்கு ரப்பரைப் போல் அத்தனை ஆட்கள் வேண்டியதில்லை என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நோட்டீஸ் ஒட்டப்பட்டது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து. மலாய் மொழியில் இருந்த அதைத் தோட்ட எழுத்தரான கிராணி வாசித்துப் பொருள் சொன்னபோது சிலர் அழுதார்கள். அப்பா அதற்குள் பட்டணத்தில் ஒரு மரப்பட்டறையில் வேலை கேட்டு வைத்திருந்தார்.

உங்கள் கட்டுரை வாக்கியம் சொல்லும் ‘அறிவிப்புக்கு வெகு முன்பே’ என்பது இந்த இரண்டு ஆண்டுகள்தாம். கங்காணியின் மௌனம்தான் அந்தச் சுவரெழுத்து.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். இத்தொடரில் ‘ரைட்டிங்’, ‘வால்’ ஆகிய இரு சொற்களுக்கும் முன்னால் ‘தி’ என்னும் சுட்டு கட்டாயம் வரும். ஏதோ ஒரு சுவரில் ஏதோ ஓர் எழுத்து என்று எழுதினால் மரபுத்தொடர் கலைந்து, நேர்ப்பொருள் மட்டுமே நிற்கும். யாருக்கு அல்லது எதற்கு முடிவு வருகிறது என்பதைச் சொல்ல ‘ஃபார்’ என்ற முன்னிடைச்சொல்லைச் சேர்க்க வேண்டும். அமெரிக்கர்கள் ‘ஹேண்ட்ரைட்டிங்’ என்றும் எழுதுவார்கள், பொருள் மாறாது. நல்லது வரப்போகிறது என்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. பள்ளி விடுமுறை முடியப் போவதற்கும் இது மிகப் பெரிய சொல். அரசாங்கம், நிறுவனம், தொழில், பதவி, ஒரு பழைய வழக்கம் ஆகியவற்றுக்கே இது இயல்பாகப் பொருந்தும்.

இதனோடு சேரும் வினைகளைப் பாருங்கள்: எழுத்தைக் காண்பது, வாசிப்பது, காணாமல் விடுவது. எழுத்தைக் கண்டுகொண்டு ஒருவர் வேறு வழி தேடிக்கொண்டார் என்ற அமைப்பு ஆங்கிலத்தில் மிகவும் அடிக்கடி வரும். ஆகவே இது கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும் தொடர் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊரிலேயே அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1957-இல் நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள்; வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள்; தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். முதல் சில தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதே மற்றவற்றுக்கும் இதுதான் நடக்கும் என்று படித்துக்கொண்டவர் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து, அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாதம் 10 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு பெறலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார்கள். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற அதனால் முடியவில்லை என்பது உண்மையே. ஆயினும் ‘எழுத்தை வாசித்தார்’ என்று ஆங்கிலத்தில் சொல்லத் தக்க செயல் அது.

‘நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன’ என்பது இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் இரட்டைப் பிள்ளை அன்று. முடிவு உறுதி, இருக்கும் காலம் குறைவு என்று மட்டுமே அது சொல்கிறது. அடையாளம் தெரிகிறதா, யாராவது அதைப் படித்தார்களா என்ற கவலை அதற்கில்லை. அறிவிப்பு வந்த பிறகும் அதைச் சொல்லலாம். நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், அந்தத் தோட்டத்தின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்று எழுதுவது முற்றிலும் சரி. சுவரில் எழுத்து தெரிகிறது என்று எழுதுவது காலம் கடந்த பேச்சு. ‘ஆன் இட்ஸ் லாஸ்ட் லெக்ஸ்’ என்ற இன்னொரு தொடர், தேய்ந்து ஓய்ந்து போன பொருளுக்கும் உடலுக்கும் உரியது. பழைய மோட்டார் சைக்கிளுக்கு அது பொருந்தும், மற்ற இரண்டும் அவ்வளவாகப் பொருந்தா.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நோயுற்று இருக்கும் மனிதரைப் பற்றி அவருடைய குடும்பத்தாரிடம் இந்தத் தொடர்களில் எதையும் சொல்லாதீர்கள், எழுதாதீர்கள். என் மாணவன் ஒருவன், தாத்தா மருத்துவமனையில் இருந்த ஆசிரியைக்கு ஆறுதல் கடிதம் எழுதும்போது, அவருடைய நாட்கள் எண்ணப்பட்டுவிட்டதை அறிந்து வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டான். இலக்கணப் பிழை ஒன்றுகூட அதில் இல்லை. மனம் நோகாமல் எழுத அவன் விரும்பினான், மரபுத்தொடர் எழுதினால் மதிப்பெண் உண்டு என்று நாங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம், பழி எங்களுடையது.

தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். ‘சுவரில் எழுதியிருக்கிறது’ என்று அப்படியே சொன்னால் தமிழ்க் காதுக்கு அது தேர்தல் காலச் சுவர் விளம்பரம்போல் கேட்கும். எழுத்தையும் விதியையும் இணைத்துப் பேசும் சொல் நம்மிடம் உண்டு, அது தலையெழுத்து. ஆனால் அதை இதற்கு ஈடாக்கவே கூடாது என்பது என் கருத்து. தலையெழுத்து பிறக்கும்போதே எழுதப்பட்டது. அதை எழுதப்பட்டவனே பார்க்க முடியாது. பார்த்தாலும் மாற்ற முடியாது. சுவரெழுத்து பலர் பார்க்க, விளக்கு வெளிச்சத்தில் எழுதப்பட்டது. தோட்டம் போனதைத் தலையெழுத்து என்று சொல்லிச் சொல்லியே எங்கள் லயத்தில் பலர் அந்த இரண்டு ஆண்டுகளை இழந்தார்கள். அந்த ஒரு சொல்லைத் தவறாகப் போட்டால் வாக்கியத்தின் பொருள் மட்டுமன்று, அதில் வரும் மனிதர்களும் வேறாகிவிடுவார்கள்.

‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்ற பழமொழி அமைப்பில் நெருங்கி வருகிறது. வருவதற்கு முன் அடையாளம் வரும் என்பதை அது சொல்கிறது. ஆனால் யானை வருவது கேடு அன்று, திருவிழாவும் ஆகலாம். ‘கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே’ என்பது பெல்ஷாத்சாரின் விருந்துக்கு நன்றாகப் பொருந்தும். தம்மேல் எந்தப் பழியும் இல்லாத பால்வெட்டுக்காரருக்குப் பொருந்தாது.

உண்மையான ஈடு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தில், மதுரைக்கு வெளியே இருந்த ஆயர்பாடியில், கோவலனுக்கும் கண்ணகிக்கும் அடைக்கலம் தந்த மாதரி காணும் அடையாளங்கள் வரிசையாக வருகின்றன. குடத்தில் பிரையிட்ட பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வழிகிறது. உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டி துள்ளவில்லை. ஒவ்வொன்றையும் கண்டு அவள் சொல்வது ‘வருவதொன்று உண்டு’. என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது; ஏதோ வருகிறது என்பது மட்டும் உறுதி. எவரும் வந்து அவளுக்கு அறிவிக்கவில்லை. நாள்தோறும் கையாளும் பாலும் வெண்ணெயும் மாறியதால் அறிகிறாள். பட்டையையும் கத்தியையும் கையாண்ட என் தந்தை அறிந்ததும் அவ்வாறே.

அதற்கு முந்திய கொலைக்களக் காதையிலோ இதன் மறுபக்கம் இருக்கிறது. சிலம்பை விற்கப் புறப்பட்ட கோவலனை எதிர்த்து ஒரு காளை வருகிறது. ஆயர்களுக்கு அது தீய நிமித்தம். கோவலன் வணிகன், ‘தன் குலம் அறியும் தகுதி அன்று’ ஆதலால் அவனுக்கு அது தெரியவில்லை, நடந்து போய்விடுகிறான் என்கிறார் இளங்கோவடிகள். எழுத்து எதிரே நின்றும் அதன் மொழி தெரியாமல் போன பாபிலோன் அறிஞர்களின் நிலையும் அதுதான். கதையில் எவராலும் படிக்க முடியாத எழுத்து, இன்றைய ஆங்கிலத்தில் ‘எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது’ என்ற பொருளில் வழங்குகிறது. இந்த முரணை நினைவில் வைத்துக்கொண்டால், நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி, அப்போதே எழுத்து தெரிந்ததே என்று எளிதாக எழுதிவிடத் தயங்குவீர்கள். பின்னால் திரும்பிப் பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் உள்ளே நின்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எழுதுவோர் இத்தொடரை மிகத் தாராளமாகப் பயன்படுத்துவதைக் கண்டு வருந்துகிறேன். விடுதலையின்போது 888 என்று சொல்லப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்திருப்பது உண்மை. ஆனால் மாணவர் எண்ணிக்கை குறைந்த ஒவ்வொரு பள்ளிக்கும் சுவரெழுத்து தெரிகிறது என்று எழுதுவது சரியான வாசிப்பு அன்று. தோட்டத்தில் ஆளில்லாமல் போன பள்ளிகள் பல, குடும்பங்கள் குடியேறிய பட்டண வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் மாற்றப்பட்டு இன்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு நடக்கின்றன. தோட்டம் முடிவதற்கான அடையாளம், பள்ளி முடிவதற்கான அடையாளம் ஆகாது. எதற்கு முடிவு என்பதைச் சொல்லும் அந்த ‘ஃபார்’ என்ற சிறு சொல்லுக்குப் பின் எதை எழுதுகிறோம் என்பதில் அவ்வளவு கவனம் வேண்டும்.

உங்கள் வாக்கியத்தை நான் மொழிபெயர்த்தால், ‘தோட்டங்களை விற்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டுவதற்கு வெகுநாள் முன்பே, அவை நிலைக்கப் போவதில்லை என்பதற்கான அடையாளங்கள் தெரிந்துவிட்டன’ என்று எழுதுவேன். செய்யுள் நடை இடம் கொடுக்கும் கட்டுரையானால் ‘வருவதொன்று உண்டு என்பது தெரிந்துவிட்டது’ என்றும் எழுதலாம். பாட்டியிடம் சொல்லும்போது, “நோட்டீஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு பாட்டி” என்றாலே போதும். எந்தச் சுவர் என்று அவர் கேட்கமாட்டார். எந்தத் தோட்டம் என்று கேட்பார். அப்போது, அவர் இருந்த தோட்டத்தில் முதலில் எது நின்றது என்று நீங்கள் கேளுங்கள். உரமா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையா, கங்காணியின் திட்டா என்று அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டால், இத்தொடரைக் கட்டுரையில் கையாள உங்களுக்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியிராது.